பக்கத்து வீடு வார இறுதி வாடகைக்குப் போகிறதா? இரவு 10 மணிக்கு மேல் உங்கள் உரிமை என்ன?

சனிக்கிழமை இரவு 11.40. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உங்கள் வீடு. பக்கத்து மதில் சுவருக்கு அந்தப்புறம் நீச்சல் குளத்தோடு ஒரு பெரிய வீடு. போன வருஷம் வரைக்கும் பூட்டிக் கிடந்தது. இப்போது ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்கு ஆப் மூலமாகப் போகிறது. இன்றைக்கு வந்திருப்பது இருபது பேர், கூடவே சக்கரம் வைத்த ஒரு ஸ்பீக்கர். உங்கள் ஜன்னல் கண்ணாடி 'டும் டும்' என்று அதிர்கிறது. உள்ளே படுத்திருக்கும் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் தூக்கம் வரவில்லை. தெருக்கோடியில் குப்பத்து மீனவர்கள் விடிகாலை மூன்று, நாலு மணிக்குக் கடலுக்குப் போக வேண்டியவர்கள். அவர்களுக்கு இருக்கிற தூக்கமே இந்த நாலு மணி நேரம்தான்.

போனைக் கையில் எடுக்கிறீர்கள். யாருக்குப் பண்ணுவது? என்ன சொல்வது? "இது சின்ன விஷயம், போலீஸ் வருவாங்களா?" என்ற தயக்கத்திலேயே பலர் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சட்டம் இதைச் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை. ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி ஹோம்ஸ்டேக்கள், நகரத்து சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள், ஊருக்கு வெளியே பண்ணை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

விதி என்ன சொல்கிறது?

குறுகிய கால வாடகை வீட்டுச் சத்தத்துக்கென்று தனிச் சட்டம் தேட வேண்டாம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகளே போதும். அதில் 'இரவு' என்றால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்துக்கு 50, 40.

இந்த எண்களை விட முக்கியமான இரண்டு விஷயங்கள் ஐந்தாம் விதியில் இருக்கின்றன.

முதலாவது, இரவு நேரத்தில் ஒலிபெருக்கி, ஒலி எழுப்பும் கருவி, இசைக் கருவி, ஆம்ப்ளிஃபயர் எதையுமே பயன்படுத்தக் கூடாது. அரங்கம், மாநாட்டுக் கூடம், சமுதாயக் கூடம், விருந்துக் கூடம் மாதிரியான மூடிய இடங்களுக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்பதற்காகப் பயன்படுத்தலாம். பொது அவசர நிலையிலும் பயன்படுத்தலாம். அவ்வளவுதான். புல்வெளி, நீச்சல் குளத்துக் கரை, மொட்டை மாடி, சவுக்குத் தோப்பு இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் மூடிய இடம் ஆகாது.

இரண்டாவது, தனியார் இடத்தில் தனியாருக்குச் சொந்தமான ஸ்பீக்கர் வைத்தாலும், அந்த இடத்தின் எல்லையில் அளந்தால் அந்தப் பகுதிக்குரிய அளவை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு 45 என்றால், மதில் சுவரில் 50. இது எவ்வளவு குறைவான சத்தம் தெரியுமா? இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல் வரும்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் 10 மீட்டரில் 75, 20 மீட்டரில் 69, 40 மீட்டரில் 63, 80 மீட்டரில் 57. நூற்றறுபது மீட்டர் தள்ளிப் போனாலும் 51. ஒரு கிரவுண்ட், இரண்டு கிரவுண்ட் மனையில் "மெதுவாத்தான் சார் வச்சிருக்கோம்" என்பது ஏன் செல்லாது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி மேலே போகாமல் வளைந்து தரைக்கே திரும்புவதும் உண்டு. மலைப் பள்ளத்தாக்கில் எதிர் மலைப் பாட்டு நம் வீட்டு வாசலில் கேட்கிற மாதிரி இருப்பது இதனால்தான்.

இன்னொன்று. சட்டத்தில் சொல்லும் அளவு 'ஏ' எடையிட்ட டெசிபல். மனிதக் காதின் தன்மைக்கு ஏற்ப, தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குக் குறைந்த மதிப்புக் கொடுக்கும் அளவீடு அது. அதனால் 'பாஸ்' அதிகமாக உள்ள பாட்டுக்குக் கண்ணாடி அதிர்ந்தாலும் மீட்டரில் எண் குறைவாகக் காட்டலாம். சுவரைத் துளைத்துக்கொண்டு வருவதும் அந்தத் தாழ்ந்த ஒலிதான். மீட்டர் எண்ணை மட்டும் நம்பி வாதாடினால் நீங்கள் தோற்கக்கூடிய இடம் இது. ஆனால் இரவில் எண்ணே தேவையில்லை. ஏழாம் விதிப்படி புகார் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அளவை விட 10 டெசிபலோ அதற்கு மேலோ சத்தம் கூடியிருப்பது. மற்றது, இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறியிருப்பது. 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஸ்பீக்கர் ஓடினால் அதுவே மீறல். "எத்தனை டெசிபல்னு தெரியுமா உங்களுக்கு?" என்று யாராவது கேட்டால், தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

வழக்கமாகச் சொல்லும் நான்கு பதில்கள்

"பர்மிஷன் வாங்கியிருக்கோம்." எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியோ பொது ஒலிபரப்பு அமைப்போ பகலிலும் வைக்க முடியாது. அதனால் அனுமதி வாங்கியிருக்கவும் கூடும். ஆனால் அந்த அனுமதி இரவு 10 மணித் தடையைத் தாண்டாது. கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதில் நேரம் எழுதியிருக்கும்.

"12 மணி வரைக்கும் வைக்கலாம்னு சட்டமே சொல்லுது." பாதி உண்மை. கலாசார, சமய, பண்டிகைக் காலங்களில் மாநில அரசு 10 முதல் 12 மணி வரை தளர்வு தரலாம். அதுவும் ஓர் ஆண்டில் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. இந்த நாட்களை முடிவு செய்வது அரசு. நண்பரின் பிறந்தநாள், அலுவலக அவுட்டிங், பேச்சிலர் பார்ட்டி எதுவும் அந்தப் பதினைந்தில் வராது.

"இது எங்க ப்ரைவேட் ப்ராபர்ட்டி." சொத்து உங்களுடையதுதான், சத்தம் வேலிக்குள் நிற்பதில்லையே! எல்லையில் 5 டெசிபல் என்ற விதியை எழுதியதே தனியார் இடங்களுக்காகத்தான். ஒலி மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18-ல் வழங்கிய தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது. பேச்சுரிமையைக் காட்டி, கேட்க விரும்பாதவர் காதில் ஒலியைத் திணிக்க முடியாது. அமைதியாக வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி. அந்த வழக்கு எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை என்ற செய்தியை வைத்துத்தான் நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. பாட்டுச் சத்தத்தில் என்ன கேட்காமல் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"ஒரே ஒரு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." விருந்தினருக்கு அது ஒரு நாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வருஷத்தில் ஐம்பத்திரண்டு சனிக்கிழமை.

அந்த இரவில் என்ன செய்யலாம்?

முதலில், பராமரிப்பாளரின் எண் தெரிந்தால் ஒரு போன். நிறைய இடங்களில் உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார், வாட்ச்மேனுக்குச் சத்தம் பழகிப்போயிருக்கும். உரிமையாளருக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். 'இரவு 11.40, புல்வெளியில் ஸ்பீக்கர், நிறுத்தச் சொல்லுங்கள்' என்று இரண்டு வரி போதும். நாளைக்கு அது உங்கள் சாட்சி. குடித்திருக்கும் கூட்டத்துக்குள் தனியாகப் போய் நியாயம் பேச வேண்டாம். வாய்த் தகராறு கைகலப்பானால் புகார் கொடுக்கப் போனவர் மேலேயே வழக்கு வரக்கூடும்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 112 அல்லது 100. பேசும்போது "ஒரே தொந்தரவா இருக்கு" என்று தொடங்காமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இன்ன தெரு, இன்ன அடையாளம், வாடகைக்கு விடும் வீடு. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி ஓடுகிறது. ஒலி மாசு விதிகளின்படி நிறுத்தச் சொல்ல வேண்டும்." இடம், நேரம், மீறல் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போதும்.

காவலர் வரும்போது பாட்டு நின்றுவிடும், ஜீப் திரும்பியதும் மறுபடி தொடங்கும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதனால் உங்கள் வீட்டுக்குள் நின்றே ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். முதலில் சுவர்க் கடிகாரம் அல்லது இன்னொரு போனின் நேரம், பிறகு ஜன்னல், பிறகு எதிர் வீட்டு வெளிச்சம். அங்கே இருப்பவர்களின் முகத்தைப் படம் எடுக்க அலைய வேண்டாம். ஒலி அளக்கும் ஆப் இருந்தால் அந்த எண்ணையும் பதிவு செய்யலாம். ஆனால் போன் மைக் அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கருவி அல்ல. அது புகாருக்குத் துணையாக நிற்கும், சான்றாக ஏற்கப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மறுநாள் எழுத்தில் கொடுங்கள்

ஒருமுறை நடந்ததற்குப் போன் போதும். மூன்றாவது வாரமும் நடந்தால் எழுத்துப் புகார் இல்லாமல் வேலை நடக்காது. விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது இதற்கென நியமிக்கப்பட்ட, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்கிறது. உங்கள் இடம் எந்த எல்லை என்று முதலில் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே கானத்தூர் பக்கம் தாம்பரம் காவல் ஆணையரகம், மாமல்லபுரம் போனால் செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறை. தவறான இடத்தில் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் பக்கத்துக் காவல் நிலையத்தைத் தேடலாம்.

மனுவில் கதை வேண்டாம். இவ்வளவு போதும்:

"மேற்படி முகவரியில் உள்ள வீடு நாள் வாடகைக்கு விடப்படுகிறது. கீழ்க்காணும் தேதிகளில் இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தப்பட்டது. இது ஒலி மாசு விதிகள் 2000, விதி 5-க்கு முரணானது. விதி 7-ன் கீழ் இதைப் புகாராக ஏற்று, விதி 8-ன் கீழ் எழுத்துப்பூர்வமான தடை ஆணை பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கீழே தேதி, நேரம், அழைத்த எண், யார் வந்தார்கள் என்று ஒரு பட்டியல். கூடவே இன்னும் இரண்டு, மூன்று வீட்டாரின் கையெழுத்து. அதிலும் குப்பத்துப் பெரியவர் ஒருவர், பொதுத் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீடு ஒன்று என்றால் மனுவின் எடையே வேறு.

அந்த எட்டாம் விதியைப் பலர் கவனிப்பதில்லை. காவல் நிலையப் பொறுப்பாளரின் அறிக்கையோ, புகார்தாரர் தந்த தகவலோ, எதை வைத்தும் அதிகாரி திருப்தி அடைந்தால், குறிப்பிட்ட இடத்தில் இசையையும் சத்தத்தையும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ எழுத்தில் ஆணை போடலாம். உரிமையாளருக்குத் தன் பக்கம் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆணை இருந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை நிலைமையே வேறு. வருகிற காவலர் கையில் காகிதம் இருக்கும்.

காவல் நிலையத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அதன் நிலையைக் காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் பார்க்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையம் 1100 வழியாகவும் பதியலாம். எதுவானாலும் மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அளவீடு தேவைப்படுகிற வழக்கு என்றால், அதாவது பகல் நேரச் சத்தம் அல்லது ஜெனரேட்டர் இரைச்சல் என்றால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு நகல். ஆயிரம் கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டருக்கு, அதன் உறையிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல்தான் வரம்பு. கரண்ட் போன இரவில் பக்கத்து வீட்டின் பழைய செட் அலறினால் இந்த எண் நினைவிருக்கட்டும்.

முன்பதிவுத் தளத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏர்பிஎன்பி 2020-ல் கொண்டுவந்த பார்ட்டித் தடையை 2022 ஜூனில் நிரந்தரமாக்கியது. அக்கம்பக்கத்தார் புகார் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. காவல்துறை அறிவிப்பை விட, 'லிஸ்டிங் போயிடும்' என்ற பயம் சில உரிமையாளர்களிடம் வேகமாக வேலை செய்யும் என்பதே எங்கள் கணிப்பு.

தண்டனை என்ன?

சுற்றுச்சூழல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் மாறியிருக்கிறது. முன்பு சிறைத் தண்டனை இருந்த இடத்தில் இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு இன்னும் 10,000. ஒலிபெருக்கி விதிமீறலுக்குக் கருவியைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் வசூலிக்கலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வரையறுத்தது. டிஜேக்காரருக்கு வாடகை ஸ்பீக்கர் பறிபோவதுதான் பெரிய அடி.

பாரதிய நியாய சன்ஹிதாவின்படி பொதுத் தொல்லைக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். நிறுத்தச் சொல்லி ஆணையிட்ட பிறகும் தொடர்ந்தால் 293-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழுத்தில் ஆணை வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தொடர்ந்து தொல்லை தரும் இடத்துக்கு எதிராகக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின் கீழும் மனு செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு என்றால் வழக்கறிஞர்களுக்குச் சட்டென்று புரியும்.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர் நீங்களா?

எல்லா உரிமையாளரும் தொல்லை தருபவர் இல்லை. வீட்டுக் கடனை அடைக்க மாடியை விடுகிறவர், ஓய்வூதியத்தோடு கொஞ்சம் சேரட்டும் என்று எஸ்டேட் பங்களாவைத் திறக்கிறவர் என்று பலர் உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. கவனித்துப் பார்த்தால், வீட்டுக்காரர் மாடியில் தூங்கும் இடங்களில் சத்தப் பிரச்சினை வருவதே இல்லை. ஆளில்லாமல் சாவிப் பெட்டியில் சாவி வைத்து விடுகிற முழு வீடுகளில்தான் வருகிறது.

முன்பதிவை உறுதி செய்யும் செய்தியிலேயே 'இரவு 10 மணிக்கு மேல் வெளியே ஸ்பீக்கர் கிடையாது, மீறினால் முன்பணம் திரும்பாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் சண்டை, வரும் முன்னால் சொன்னால் நிபந்தனை. சொந்த ஸ்பீக்கர் கொண்டு வரலாமா என்று போனிலேயே கேட்கிற கூட்டத்துக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் எண்ணையும், இரவில் எடுத்துப் பேசுகிற ஒருவரின் எண்ணையும் இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் கொடுத்துவிடுங்கள். 112-க்குப் போகும் அழைப்பில் பாதி முதலில் உங்களுக்கே வரும். புல்வெளியில் பாட்டு வேண்டும் என்றால் மாலையில் வைக்கட்டும். ஸ்பீக்கரின் முகம் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கட்டும், 'பாஸ்' பொத்தான் குறைவாக இருக்கட்டும். சத்தம் எழுப்பும் பட்டாசும் இரவு 10 மணிக்கு மேல் கூடாது. நள்ளிரவு கேக் வெட்டுபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

விருந்தினராகப் போகிறவரா? பணம் கட்டியது வீட்டுக்கும் படுக்கைக்கும்தான். காவலர் வந்து கேட்டால் "ஓனர் ஓகே சொன்னார்" என்பது பதில் ஆகாது, ஏனென்றால் ஸ்பீக்கரை இயக்கியவர் நீங்கள். பத்து அடிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். கடல் அலைச் சத்தம் கேட்கவென்றுதானே அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தீர்கள்.